கஜா அண்ணன் சொன்னா சரிதான்

கஜபதி வேலை செய்யும் ஆவடித் தொழிற்சாலையில் ராணுவத்துக்குத் தேவையான உருப்படிகளைக் கடைந்து கொடுக்கிறார்கள். அதனால் உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது. காலையில் வாசலருகே வரிசையாக இருக்கும் குட்டி இரும்புப் பெட்டிகளில் ஒன்றில் போனை வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மாலை சங்கு ஊதிய பிறகுதான் பெட்டி திறக்கும். மற்றவர்கள் போனை எடுத்ததும் வீட்டுக்குப் பேசி, கொத்துமல்லி வாங்கி வரவேண்டுமா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். கஜபதி மட்டும் ஸ்டாண்டில் தன் ஸ்கூட்டர்மேல் ஒருக்களித்து உட்கார்ந்துகொள்வான். ஸ்டாண்டே காலியாகி, காவல்காரர் வந்து தொண்டையைச் செருமும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான்.

அவ்வளவு நேரம் என்ன செய்வான் என்றால், ஊரார் கேள்விகளுக்குப் பதில் எழுதுவான். ‘சும்மா கேக்குறேன்’ என்று ஒரு இணையக் குழு. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும் உள்ள ஆயிரத்து நூறு பேர் அதில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பாதிப் பேர் சொந்தப் பெயரில் வருவதே கிடையாது. காலை வணக்கப் படம் போடக் கூடாது, கட்சி பேசக் கூடாது, சாமி பேசக் கூடாது. மற்றபடி எதையும் கேட்கலாம். குக்கர் ஏன் மூன்று விசில் வந்ததும் ஓய்ந்துபோகிறது? அடிவானத்தில் நிலா ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? மாடி வீட்டுக்காரர் துணி காயப்போட்டு நம் ஜன்னலை மறைத்தால் கேஸ் போட முடியுமா? போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்குமா? பள்ளிக்கூடத்தில் கொடுத்த கட்டுரையைக் கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லிப் பிள்ளை கொடுத்துவிட்டான், டீச்சர் கண்டுபிடித்துவிடுவாரா?

எல்லாவற்றுக்கும் கஜபதியிடம் பதில் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மில்லிங் மெஷினில் நின்ற மனிதன்தான். ஆனால் தெரியாத ஒன்றைக் கண்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. தேடிப் பிடித்து, நாலு பேரைக் கேட்டு, புரிந்துகொண்டு, புரிந்ததைப் புளி போட்டு விளக்கினாற்போல் பளிச்சென்று எழுதிவிடுவான். ஆரம்பத்தில் ஒவ்வொரு பதிலையும் ‘எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்’ என்றுதான் தொடங்குவான். சனங்கள் கைதட்டக் கைதட்ட அந்த மூன்று வார்த்தைகள் இரண்டாகி, ஒன்றாகி, ஒருநாள் மொத்தமாகக் காணாமல் போய்விட்டன. அவன் எழுதி முடித்த மறுநிமிடமே யாராவது ஒருவர் ‘கஜா அண்ணன் சொன்னா சரிதான்’ என்று போடுவார். அதைப் பார்க்கும்போது கஜபதிக்கு உச்சி குளிர்ந்துபோகும். இருக்காதா பின்னே? பத்துப் பதினைந்து வருஷம் ஒரே மெஷினில் நிற்பவனை வேறு யார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப் போகிறார்கள்?

வீட்டில் அந்தக் கொண்டாட்டம் கிடையாது. “ஊர்ல கீற ஃபிரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற. நம்மூட்டு மிக்ஸி மூடி ஒரு மாசமா ஆடிக்கினே கீது” என்பாள் சுசீலா. அவன் மனைவி. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். புருஷன் பதில் எழுதும் அழகை ஓரக்கண்ணால் ரசித்தபடியே திட்டுகிறவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கேள்வி வந்திருந்தது. கேட்டவர் பெயர் ‘தன்ஷி அம்மா’.

‘சும்மா கேக்குறேன். நெமிலிச்சேரில மனை வாங்கிக் கட்டின எங்க வீட்ல வாஷிங் மெஷின் ஓடுறப்ப மேல கை வச்சா சுர்ருங்குது. ஈரக்கையா இருந்தா இன்னும் கொஞ்சம் அதிகமா இருக்கு. என் பொண்ணுக்கு நாலு வயசு. மெஷின் கண்ணாடிக்கு முன்னாடி உக்காந்து துணி சுத்துறத டிவி மாதிரி பாப்பா. பயமா இருக்கு.’

கஜபதிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவன் வீட்டு மெஷினும் இப்படித்தான் சுர்ரென்றது. அவன் குடியிருக்கும் தொழிற்சாலைக் குவாட்டர்ஸின் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ப்ளக் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான் என்று அழுத்திச் சொருகிவிட்டுப் போனார். அதோடு சரியாகிவிட்டது. ஆகவே எழுதினான்: ‘எல்லா மெஷின்லயும் உள்ள கரண்ட் ஃபில்டர் ஒண்ணு இருக்கும். அதுலேர்ந்து துளி கரண்ட் பாடிக்கு வரும். மூணு பின் ப்ளக்கை நல்லா அழுத்திச் சொருகுங்க. எர்த் வயர் அதை மண்ணுக்குள்ள இழுத்துக்கும். பயப்பட ஒண்ணுமில்லை. பாப்பா தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. தைரியமா இருங்க.’

ஐயப்பன்தாங்கலிலிருந்து ஷர்மிளா என்று ஒருத்தி குறுக்கே வந்தாள். மாதத்துக்கு ஒருமுறைதான் வாய் திறப்பாள். ‘அவங்க வீட்ல எர்த் சரியா இருக்கான்னு முதல்ல பார்க்கணும் இல்லையா?’ என்று கேட்டாள். கஜபதி நல்ல மூடில் இருந்தான். ‘மூணாவது ஓட்டை பின்ன எதுக்கும்மா இருக்கு, அழகுக்கா?’ என்று போட்டான். இருபது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷர்மிளா அதற்குமேல் பேசவில்லை. நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒருவர் வழக்கம்போல் ‘கஜா அண்ணன் சொன்னா சரிதான்’ என்று முடித்துவைத்தார். தன்ஷி அம்மா கைகூப்பி நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை டீ வேளையில் தினகரனிடம் இதைச் சொன்னான். தினகரன் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன், திருநெல்வேலிக்காரர், சிரித்த முகம். கஜபதி தன் பதிலின் சாமர்த்தியத்தை, முக்கியமாக அந்த ‘அழகுக்கா’வை, நடித்தே காட்டினான். தினகரன் சிரிக்கவில்லை. டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொம்பள வீடு எங்கவே இருக்கு?”

“நெமிலிச்சேரி.”

“குவாட்டர்ஸா?”

“இல்லபா. மனை வாங்கி கட்டின தனி ஊடு.”

“எர்த்து இருந்தா சுர்ருன்னு எப்படிவே அடிக்கும்? சுர்ருங்குதுன்னாலே எர்த்து இல்லன்னுதான அர்த்தம். மூணு ஓட்டை இருந்துட்டா போதுமா? வெளிய எத்தன வீட்டுல மூணாவது ஓட்டைக்குப் பின்னால வயரே கிடையாது தெரியுமா? வெறும் ஓட்டை!”

“எங்கூட்ல ப்ளக்க அழுத்தினதும் சரியாயிடுச்சே.”

“உம்ம வீட்டுல சுவத்துக்குப் பின்னால எர்த்து இருந்துச்சுவே. ப்ளக்கு அதைத் தொடல. அழுத்துனதும் தொட்டுச்சு. அவ வீட்டுல எதைப் போய்த் தொடும்?” தினகரன் குரலைத் தாழ்த்தினார். “இப்ப சுர்ருங்கும். நாளைக்கு உள்ள ஒரு வயரு உரிஞ்சுதுன்னு வையும். அன்னைக்கு சுர்ருங்காது. ஈரத் தரை, வெறுங்காலு, சின்னப் புள்ள...”

 

குவாட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கே உள்ள புத்தி இது. அங்கே ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் பின்னால் ஒரு எர்த் குழி உண்டு. கோடை வந்தால் ஆள் வந்து மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார், மீட்டர் வைத்துப் பார்ப்பார், தேதியை வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போவார். குடியிருப்பவனுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல மூன்றாவது ஓட்டையில் எர்த் இருக்கும். ஊர் உலகத்தில் எல்லாச் சுவருக்குப் பின்னாலும் அப்படித்தான் இருக்கும் என்று கஜபதி நினைத்துவிட்டான். பருத்திப்பட்டில் அவன் பிறந்த வீட்டில் எர்த் கிடையாது என்பதுகூட அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

போன் வாசலில் பெட்டிக்குள் இருக்கிறது. சங்கு ஊத இன்னும் ஐந்து மணி நேரம். கஜபதி கையைக்கூடத் துடைக்காமல் ஃபோர்மன் அறைக்கு ஓடினான்.

ஃபோர்மன் கங்காதரன் வெளியே போகச் சீட்டுக் கொடுப்பதில் கருமி. “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று நிமிராமலேயே கேட்டார்.

“யாருக்கும் இல்ல சார்.”

“அப்புறம்? சாவா?”

“ஆவக் கூடாதுன்னுதான் சார் போறேன்” என்றான் கஜபதி. “நெட்ல ஒருத்தருக்கு தப்பா பதில் சொல்லிட்டேன்.”

சொல்லும்போதே தனக்கே அது கேனத்தனமாகப் பட்டது. கங்காதரன் இப்போது நிமிர்ந்தார். சத்தம் போடப் போகிறார் என்று கஜபதி காத்திருந்தான்.

“வாஷிங் மெஷினா?” என்றார் கங்காதரன்.

கஜபதி திருதிருவென்று விழித்தான்.

“நானும் அந்த குரூப்புல இருக்கேன்யா. நேத்து லைக் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.” சீட்டுப் புத்தகத்தை இழுத்து, காரணம் எழுதும் இடத்தில் ‘அவசரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்து நீட்டினார். “நின்னுக்கிட்டு இருக்க? ஓடு.”

வாசலில் சீட்டைக் காட்டிப் போனை எடுத்ததும் எழுதினான்: ‘தன்ஷி அம்மா, மெஷினை உடனே ஆஃப் பண்ணுங்க. ப்ளக்கைப் பிடுங்குங்க. பாப்பாவைக் கிட்ட விடாதீங்க. நேத்து நான் சொன்னது தப்பு.’ அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பார்க்கவில்லை. கடைசியாக நேற்று மாலை வந்து போயிருக்கிறாள். தனியாகச் செய்தி அனுப்பவும் வழியில்லை, பூட்டி வைத்திருந்தாள். எண் தெரியாது, பெயர் தெரியாது. நேற்று வரைக்கும் இந்தக் குழுவில் அவனுக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், யாரும் யார் என்று தெரியாமல் பேசிக்கொள்ளலாம் என்பது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுசீலாவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தான்.

“தன்ஷி அம்மான்னா... அந்த முருங்கக்கா பொம்பளயா?” என்றாள் சுசீலா.

“எந்த முருங்கக்கா?”

“இன்னாயா நீ, நீதான் சட்டம் பேசின. பக்கத்தூட்டு முருங்க மரம் எங்க சுவத்துக்கு இந்தாண்ட வந்துகினு கீது, காய பறிச்சிக்கலாமான்னு கேட்டுச்சே. கெளய வெட்டலாம், காய் மரத்துக்காரனுக்குத்தான் சொந்தம்னு நீ சொன்ன. ஃபோட்டோகூட போட்டுச்சு.”

சுசீலா குழுவில் இருப்பதே கஜபதிக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை எழுதாமல் ஒரு வருஷமாக எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

“ஸ்டேஷன்ல மைக்ல சொல்றது காலீல மட்டும் தெளிவா கேக்குது, மத்தியானம் கேக்கலியே, ஏன்னு கேட்டதும் அதேதான்” என்றாள் சுசீலா. “அப்ப ஸ்டேஷனாண்டதான் ஊடு இருக்கணும். வந்து என்னையும் இட்டுகினு போ.”

“நீ எதுக்கு?”

“தெரியாத பொம்பள ஊட்டுக்கு நீ மட்டும் போயி, மெஷினாண்ட வுடும்மான்னு கதவ தட்டினா இன்னா நினைப்பாங்க? வா சீக்கிரம்.”

அது நியாயமாகப் பட்டது. குவாட்டர்ஸ் வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு சி.டி.எச். நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டினான். இந்துக் கல்லூரி தாண்டி, பட்டாபிராம் தாண்டி, லாரிகளுக்கு நடுவே சந்து கண்ட இடத்திலெல்லாம் நுழைந்தான். பின்னால் சுசீலா ஒரு கையால் அவன் தோளைப் பிடித்து, மறு கையால் அந்தப் பழைய முருங்கைப் படத்தைத் தேடிக்கொண்டே வந்தாள்.  ‘பாப்பா தொட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று தான் எழுதிய வரி மட்டும் கஜபதியின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யார் அதை எழுதச் சொன்னது? அவள் அதைக் கேட்கக்கூட இல்லையே. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். அந்தப் பயம்தான் அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே காவல். அதையும் இவன் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

நெமிலிச்சேரி நிலையத்துக்குப் பின்னால் நான்கு தெருக்கள். நான்கிலும் முருங்கை மரம். படத்தை வைத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றினார்கள். மூன்றாவது தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் சுசீலா போனை நீட்டினாள். அவர் பெயர் கெங்கம்மாள் என்று பிறகு தெரிந்தது. படத்தைப் பார்த்ததும் கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது நம்ம பவித்ரா ஊடாச்சே! முருங்கக்கா பஞ்சாயத்துக்கா வந்தீங்க? அதெல்லாம் முடிஞ்சி போச்சு. ரெண்டு ஊடும் சேந்து சாம்பாரு வச்சி துன்னுட்டாங்க. யாரோ ஒரு வக்கீலு நெட்ல சட்டம் சொன்னாராம், அத கேட்டுத்தான் சண்டயே பெருசாச்சு.”

கஜபதி அந்த வக்கீல் தான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. “எந்த ஊடும்மா?” என்றான்.

“அதோ, மஞ்ச கேட்டு.”

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சுசீலா முந்திக்கொண்டு, சும்மா கேக்குறேன் குழு, இவர்தான் கஜா, ஆவடியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் பவித்ராவின் முகம் மலர்ந்துவிட்டது.

“கஜா அண்ணனா! ஐயோ, உள்ள வாங்கண்ணா. அக்கா, உட்காருங்க. ஃபேன் போடறேன்.”

“மெஷின் எங்கம்மா கீது?” என்றான் கஜபதி.

“பின்னாடி ஓடிட்டு இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே ப்ளக்க நல்லா அழுத்தி—”

உள்ளேயிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது. ரெட்டைப் பின்னல், வெறுங்கால். “கஜா மாமாவா?” என்று கேட்டது. அம்மா ஆமாம் என்பதற்குள் திரும்பி ஓடியது. கஜபதியும் பின்னாலேயே ஓடினான்.

குளியலறைக்கு வெளியே, ஈரம் ஊறிய சிமெண்டுத் தரையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தன்ஷிகா அதன் முன்னால் நின்று, இவன் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மெஷின்மேல் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள்.

“பாரு மாமா, நான் அழல.”

கஜபதி ஒரே எட்டில் சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினான். உள்ளே துணி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. குழந்தை கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. கஜபதி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். 

கொஞ்ச நேரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு, ஸ்கூட்டரிலிருந்த திருப்புளியை எடுத்து வந்து, ப்ளக் பாயிண்டைக் கழற்றினான். சிவப்பு வயர் இருந்தது, கறுப்பு வயர் இருந்தது. மூன்றாவது ஓட்டைக்கான திருகு கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. ஒரு வயரும் அதை எட்டிப் பார்த்ததில்லை. கஜபதி பவித்ராவைக் கூப்பிட்டுக் காட்டினான். நேற்று தான் எழுதியது என்ன, தினகரன் சொன்னது என்ன என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

 பவித்ரா மெல்லத்தான் பேசினாள். திட்டியிருந்தால் தேவலை.

“நேத்து சாயங்காலம் தொட்டுட்டு, கடிக்குதும்மான்னு ஓடிவந்து அழுதா. கஜா மாமாவே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு, நடிக்காதடின்னு நான்தான் அதட்டினேன். காலைலகூட இவ கையப் புடிச்சி நானே மெஷின்மேல வச்சேன்ணா. பயம் தெளியட்டும்னு.”

சுசீலா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.   கஜபதிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சொன்ன தப்பைவிட, வலிக்கிறது என்று சொன்ன ஒரு குழந்தையைத் தன் பெயரைச் சொல்லிப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் அவனைச் சுட்டது.

குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தான். “உனக்கு கடிச்சிதா கண்ணு?”

தன்ஷிகா முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ‘ம்’ என்றாள்.

“நீ சொன்னதுதான் கரெக்டு. மாமா சொன்னதுதான் தப்பு.”

“அம்மாகிட்ட சொல்லு.”

கஜபதி எழுந்து, பவித்ராவிடம் அதைச் சொன்னான். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்றாலும் முழுசாகச் சொன்னான். தன்ஷிகா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பவித்ரா அவளை வாரி எடுத்து, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தே கஜபதி குழுவில் எழுதினான். ‘நேத்து வாஷிங் மெஷின் பத்தி நான் சொன்னது தப்பு. சின்னத் தப்பு இல்லை, ஒரு குழந்தை உயிர் போயிருக்கும். மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயர் இருக்கணும்னு அவசியமில்லை. நான் குவாட்டர்ஸ்ல இருந்துக்கிட்டு ஊரெல்லாம் குவாட்டர்ஸ்னு நினைச்சிட்டேன். ஷர்மிளா கேட்டது நியாயமான கேள்வி. அவங்களை நான் கேலி பண்ணினேன். அவங்க கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். மெஷின், ஃபிரிட்ஜ் எதுவா இருந்தாலும் சுர்ருன்னா ஆஃப் பண்ணிட்டு, தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்க.’

கீழே உடனே யாரும் எதுவும் எழுதவில்லை.  இதோடு நம் மரியாதை காற்றில் பறந்தது என்று நினைத்துக்கொண்டான். போனால் போகட்டும் என்றும் இருந்தது. முதலில் வந்தது ஷர்மிளாதான். ‘பரவாயில்லண்ணா. பாப்பா எப்படி இருக்கா?’ என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் அவனைத் திட்டுவதற்கு மினக்கெடவில்லை, அவரவர் வீட்டுச் சுவரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். இரண்டு நாளில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்துப் படம் போட்டவர்கள் முப்பத்தொரு பேர். அதில் பதினெட்டு வீட்டில் எர்த் வயர் இல்லை. ஃபோர்மன் கங்காதரன் வீடு பதினெட்டில் ஒன்று. அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. கஜபதியின் மெஷின் பக்கம் வந்து, “என் சம்சாரம் உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னா. நான்தான் அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தினகரன் தன் மீட்டரோடு நெமிலிச்சேரிக்கு வந்தார். எர்த் வேலை முறைப்படி செய்யத் தெரிந்தவர் அவர்தான். குழி தோண்டும் வேலையைக் கஜபதி கேட்டு வாங்கிக்கொண்டான். பவித்ராவின் கணவன் கௌதம் வார நாட்களில் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறவன், அன்று வீட்டில் இருந்தான். அவன் ஒரு கடப்பாரை எடுத்துக்கொண்டான். குழியில் பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வயரை வீட்டுக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு பாயிண்டிலும் முடுக்கினார்கள். முருங்கை மரத்துக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டு, “எங்க ஊட்டயும் ஒரு தபா பாத்துடுங்க அண்ணாத்தே” என்றார். உள்ளே சுசீலாவும் பவித்ராவும் காலம்காலமாகப் பழகியவர்கள்போல் பேசிக்கொண்டே சமைத்தார்கள். முருங்கைக்காய் சாம்பார்தான். கஜபதிக்கு முதுகு விட்டுப்போகும்போல வலித்தது. ஆனால் பல நாளாக இவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததில்லை.

மத்தியானம் தினகரன் மீட்டரை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெஷினை ஓடவிட்டு, அதன் உடம்பில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை. “இனி கவலையில்ல” என்றார்.

எல்லோரும் தன்ஷிகாவைத் தேடினார்கள். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புதன்கிழமையிலிருந்து மெஷின் இருக்கும் பக்கமே அவள் போகவில்லை, இன்று துணி சுற்றுவதைப் பார்க்கவும் வரவில்லை என்று பவித்ரா சொன்னாள். கௌதம் அவளைத் தூக்கிவந்து மெஷின் முன்னால் விட்டான். “இப்ப கடிக்காதுடா. தொட்டுப் பாரேன்” என்றான்.

தன்ஷிகா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தினகரன் மாமா மீட்டர் எல்லாம் வச்சுப் பாத்துட்டாரு கண்ணு” என்றான் கஜபதி.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ மொதல்ல தொடு” என்றாள்.

 கஜபதி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். பக்கத்து வாளியில் இரண்டு கைகளையும் முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ளங்கை முழுவதும் படியும்படி மெஷின்மேல் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. தன்ஷிகா அவன் கையைப் பார்க்கவே இல்லை. முகத்தையே பார்த்தாள். உதடு கடிக்கிறதா, கண் சுருங்குகிறதா என்று சந்தேகமாக, வெகுநேரம் பார்த்தாள். கஜபதியும் முகத்தை மறைக்காமல் அவளுக்கு முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றான்.

பிறகு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, ஒரே ஒரு விரலால் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள்.

“வலிக்கலம்மா” என்றாள். பவித்ரா சரி என்று தலையாட்டினாள்.